‘வர்றேன்’ என்று எழுதலாமா? தமிழில் எழுதத் தொடங்குபவர்களுக்கு

தமிழில் புதிதாக எழுத வருகிற எல்லோருக்கும் சீக்கிரமே வந்துவிடும் சந்தேகம் இது. கைபேசியில் நாள் முழுக்க ‘வர்றேன்’, ‘பாத்துட்டேன்’, ‘தெரியல’ என்று தட்டிப் பழகிய கை, ஒரு கட்டுரைக்கோ விண்ணப்பத்துக்கோ உட்கார்ந்தாலும் அதையேதான் தட்டப் பார்க்கும். அப்படி எழுதினால் தப்பா? ‘பேசுவது போல எழுது’ என்பார் ஒருவர். ‘கொச்சை’ என்று சிவப்பு மையால் சுழிப்பார் இன்னொருவர். இருவரும் வேறு வேறு வகை எழுத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். நடுவில் மாட்டிக்கொள்வது புதியவர்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண உரைநடையில் சொல் பேச்சிலிருந்து வரலாம், விகுதி, அதாவது சொல்லின் வால், எழுத்திலிருந்து வரட்டும். ‘ரொம்ப’, ‘அப்புறம்’, ‘கொஞ்சம்’, ‘சரி’ எல்லாம் தாராளமாக எழுதலாம். ஆனால் வாக்கியம் ‘வந்துட்டேன்’ என்று முடியாமல் ‘வந்துவிட்டேன்’ என்று முடியட்டும். இதற்கு விலக்குகள் உண்டு. சில இடங்களில் ‘வந்துவிட்டேன்’தான் தப்பாகத் தெரியும். ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.

படி 1: எந்தச் சுருக்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

‘சுருக்கி எழுதுவது’ என்ற ஒரே பெயரில் நாலு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

முதலாவது, வாயில் தேய்ந்த வடிவம். வருகிறேன் ‘வர்றேன்’ ஆவதும், வேண்டும் ‘வேணும்’ ஆவதும், வீட்டில் ‘வீட்ல’ ஆவதும் இந்த வகை. இந்தக் கட்டுரை பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

இரண்டாவது, புள்ளி வைத்த சுருக்கம். எ.கா., கி.மீ., த/பெ, தி.மு.க. போன்றவை. இவை எழுத்துக்கென்றே பிறந்தவை. யாரும் பேச்சில் ‘த பெ’ என்று அப்பாவைச் சொல்வதில்லை.

மூன்றாவது, மரூஉ. தஞ்சாவூர் தஞ்சை ஆனது, கோயம்புத்தூர் கோவை ஆனது, திருநெல்வேலி நெல்லை ஆனது. இவையும் சுருங்கிய எழுத்துகள்தான். ஆனால் காலம் அவற்றைச் சரி என்று ஏற்றுக்கொண்டுவிட்டது.

நான்காவது, வெறும் பிழை. ‘பார்த்தேன்’ என்பதைப் ‘பாத்தேன்’ என்று எழுதினால் அது பேச்சு வடிவம்; ‘பார்தேன்’ என்று எழுதினால் பிழை. ‘வேலை’ என்பதை நண்பருக்கு ‘வேல’ என்று அனுப்பினால் அவர் கவனிக்கக்கூட மாட்டார். ‘வேளை’ என்று அனுப்பினால் ஒரு கணம் தடுக்குவார். ல, ள, ழ மாறுவதும், ர, ற மாறுவதும் எந்த இடத்திலும் சுருக்கம் ஆகாது. ‘அரட்டையில் எழுதினேன், அதனால் பரவாயில்லை’ என்ற சமாதானம் இந்த நான்காவது வகைக்குச் செல்லாது.

சுருக்குவதைக் கைபேசி கொண்டுவந்த கெட்ட பழக்கம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஒரு சொல் முதலிலும் நடுவிலும் கடைசியிலும் குறைந்து வரலாம் என்று செய்யுளுக்கு நன்னூலே இடம் கொடுக்கிறது. தாமரை ‘மரை’ என்று வந்தால் முதற்குறை, ஓந்தி ‘ஓதி’ என்று வந்தால் இடைக்குறை, நீலம் ‘நீல்’ என்று வந்தால் கடைக்குறை. பெயர் வைத்து வகை பிரித்திருக்கிறார்கள். ஆக, குறைப்பது பாவம் என்று இலக்கணம் சொல்லவில்லை. எங்கே குறைக்கலாம் என்றுதான் கேட்டது.

இன்றைய தேர்வுகளிலும் இதே இரட்டைப் பார்வை இருக்கிறது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பொதுத்தமிழ்ப் பாடத்திட்டத்தில் ஊர்ப் பெயர்களின் மரூஉவை எழுதும் பகுதி உண்டு. வழுவுச் சொற்களை, அதாவது பிழையான சொற்களை, நீக்கும் பகுதியும் உண்டு. தஞ்சாவூரைத் ‘தஞ்சை’ என்று குறைத்தால் மதிப்பெண் வரும். வெற்றிலையை ‘வெத்தலை’ என்று குறைத்தால் போய்விடும். நடுவில் நிற்கும் சொற்களும் உண்டு. ‘சீயக்காய்’ வழு, ‘சிகைக்காய்’தான் சரி என்று தேர்வுப் புத்தகங்கள் சொல்லும். கடையில் போய்ச் சிகைக்காய் கேட்டுப் பாருங்கள். தேர்வில் சிகைக்காய் எழுதுங்கள், சமையல் குறிப்பிலும் தலைக்குளியல் குறிப்பிலும் சீயக்காய் எழுதுங்கள். அவ்வளவுதான்.

படி 2: பேச்சுக்குப் பதிலாக எழுதுகிறீர்களா என்று கேளுங்கள்

இந்த ஒரு கேள்வி பெரும்பாலான இடங்களில் போதும். நேரில் இருந்தால் வாயால் சொல்லியிருப்பீர்கள், அவர் தூரத்தில் இருப்பதால் தட்டுகிறீர்கள் என்றால், அது எழுத்து வேடம் போட்ட பேச்சு. அங்கே பேச்சு வடிவம்தான் இயல்பு. அக்காவுக்கு ‘நான் ஐந்து மணிக்கு வந்துவிடுகிறேன்’ என்று அனுப்பினால், ‘என்னடா, என்மேல ஏதாவது கோபமா?’ என்று பதில் வரும். குடும்பக் குழுவில், நண்பர்களிடையே, தினமும் பேசும் சக ஊழியரிடம் சுருங்கிய வடிவமே மரியாதையும் நெருக்கமும். அங்கே போய் விகுதி திருத்துவது வேண்டாத வேலை.

நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது, உங்களைத் தெரியாத ஒருவர், எப்போதோ ஒரு நாள் எடுத்துப் படிக்கப்போகிறார் என்றால் எழுத்து வடிவத்துக்கு வாருங்கள். விண்ணப்பம், கட்டுரை, அறிவிப்பு, சங்கத் தீர்மானம், பொருளோடு வரும் செய்முறைத் தாள் எல்லாம் இந்தப் பக்கம்.

இதற்கு ஒழுக்கம் காரணமில்லை. காரணம் ஊர். ‘வருகிறேன்’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ‘வர்றேன்’ என்பார், இன்னொருவர் ‘வரேன்’ என்பார், நெல்லைப் பக்கம் ‘வாரேன்’, யாழ்ப்பாணத்தில் ‘வாறன்’. ‘வந்துகொண்டு’ என்பது ‘வந்துகிட்டு’, ‘வந்துட்டு’, ‘வந்துண்டு’ என்று வீட்டுக்கு வீடு மாறும். இவற்றில் எதை எழுதினாலும் உங்கள் ஊரும், சில நேரம் உங்கள் சாதியும் சேர்ந்து தாளில் ஏறிவிடும். பேச்சு வடிவத்துக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட எழுத்துமுறை கிடையாது. ஒரே ஆளே ஒரே பக்கத்தில் ‘போயிட்டேன்’ என்றும் ‘போய்ட்டேன்’ என்றும் எழுதுவார். ‘வருகிறேன்’ எந்த ஊர்க்காரர் வாயிலும் இல்லை. அதனாலேயே அது எல்லா ஊர்க்காரருக்கும் பொது. மட்டக்களப்பில் இருப்பவரும் மலேசியாவில் இருப்பவரும் கோபிசெட்டிபாளையத்தில் இருப்பவரும் தடுக்காமல் படிக்கலாம்.

இரண்டுக்கும் நடுவில் நிற்கும் இடங்கள் சில உண்டு. முன்பின் தெரியாதவருக்கு முதன்முதலாக அனுப்பும் செய்தி அதில் ஒன்று: வீட்டு உரிமையாளர், பிள்ளையின் ஆசிரியர், வேலைக்கு அழைத்தவர். முதல் செய்தியை முழுதாக எழுதுங்கள். அவர் ‘சரிங்க, நாளைக்கு வாங்க’ என்று பதில் போட்டால், நீங்களும் ‘சரிங்க, வந்துடுறேன்’ என்று இறங்கலாம். இறங்குவது அவராக இருக்கட்டும், நீங்கள் பின்னால் போங்கள்.

துக்கச் செய்தியில் மட்டும் இறங்கவே வேண்டாம். இரங்கலைச் சுருக்கி அனுப்புவதைவிட அனுப்பாமல் இருக்கலாம். ஒரு முழு வாக்கியம் எழுதுங்கள், இறந்தவரின் பெயர் அல்லது உறவு அதில் இருக்கட்டும்.

வாய்விட்டுப் படிப்பதற்கென்று எழுதும் உரைகள் இன்னொரு நடு இடம். காணொளிக்குப் பேச எழுதுகிறீர்கள் என்றால், எப்படிப் பேசப்போகிறீர்களோ அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ‘காண்போம்’ என்று எழுதிவைத்துக்கொண்டு ‘பாக்கலாம்’ என்று சொல்ல முயன்றால் நாக்கு சிக்கும். தலைப்பும் கீழே போடும் விவரக் குறிப்பும் மட்டும் எழுத்து நடையில் இருக்கட்டும். வானொலியில் செய்தி எழுத்துத் தமிழில் வாசிக்கப்படும், அடுத்து வரும் நாடகம் பேச்சுத் தமிழில் நடக்கும். கேட்பவர் யாருக்கும் அது முரணாகப் பட்டதில்லை.

படி 3: விகுதியை மட்டும் விரியுங்கள்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ‘எழுத்துத் தமிழில் எழுது’ என்றதும் வேறொரு மொழிக்கு மாற வேண்டும் என்று பயந்துவிடுகிறார்கள். அப்படி ஒன்றுமில்லை. நீங்கள் பேசுவதை அப்படியே முதலில் எழுதிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு சொல்லின் வாலையும் பிடித்து நிமிர்த்துங்கள். தெரிந்துகொள்ள வேண்டிய வால்கள் ரொம்பக் கொஞ்சம்தான்.

இடம் சொல்லும் ‘ல’, ‘இல்’ ஆகும்: வீட்ல, வீட்டில். ‘கிட்ட’ பெரும்பாலும் ‘இடம்’ ஆகும்: அப்பாகிட்ட, அப்பாவிடம். ‘றேன்’ ‘கிறேன்’ ஆகும்: சொல்றேன், சொல்கிறேன். ‘ட்டேன்’ ‘விட்டேன்’ ஆகும்: போயிட்டேன், போய்விட்டேன். ‘கிட்டு’ ‘கொண்டு’ ஆகும். ‘ணும்’ ‘வேண்டும்’ ஆகும்: போகணும், போக வேண்டும். ‘னு’ அல்லது ‘ன்னு’ ‘என்று’ ஆகும். ‘ன்னா’ ‘என்றால்’ ஆகும். ‘சொல்லாம’ என்பதற்கு ஒரு ‘ல்’ சேர்த்தால் போதும். ‘வந்துச்சு’ என்பதை ‘வந்தது’ என்று எழுதுங்கள். ‘ஆச்சு’, ‘போச்சு’ இரண்டையும் ‘ஆயிற்று’, ‘போயிற்று’ என்று விரிப்பது இலக்கணப்படி சரிதான், ஆனால் இன்றைய நடையில் ‘ஆனது’, ‘போனது’ என்பதே உறுத்தாமல் இருக்கும்.

இரண்டு வால்களில் கவனம் வேண்டும். ‘ஓட’ என்பது இரண்டு பொருளை மறைத்து வைத்திருக்கும். ‘என்னோட பை’ என்றால் ‘என்னுடைய பை’. ‘அண்ணனோட போனேன்’ என்றால் ‘அண்ணனுடன் போனேன்’. வினைக்கு முன்னால் வரும் ‘ஆ’ பெரும்பாலும் ‘ஆக’ என்பதன் தேய்வு: சரியா வந்தது, சரியாக வந்தது. கேள்வியில் வரும் ‘சரியா?’ வேறு. அதை விரிக்கக் கூடாது.

ஒரு கடிதத்தை வைத்துப் பார்ப்போம். மின்வாரிய உதவிப் பொறியாளருக்கு ஒருவர் மனு எழுத வேண்டும். மனத்தில் ஓடுவது இது:

‘எங்க தெருல மூணு நாளா கரண்ட் சரியா வரல. லைன்மேன்கிட்ட சொன்னோம். வந்து பாக்குறேன்னு சொன்னாரு, இன்னும் வரல. வீட்ல வயசானவங்க இருக்காங்க. சீக்கிரம் சரி பண்ணிக் குடுங்க.’

வால்களை மட்டும் நிமிர்த்தினால்:

‘எங்கள் தெருவில் மூன்று நாள்களாகக் கரண்ட் சரியாக வரவில்லை. லைன்மேனிடம் சொன்னோம். வந்து பார்க்கிறேன் என்று சொன்னார், இன்னும் வரவில்லை. வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள். சீக்கிரம் சரிசெய்து கொடுங்கள்.’

ஏறக்குறைய மனு தயார். ‘கரண்ட்’ என்பதை ‘மின்சாரம்’ ஆக்கலாம், கடைசி வாக்கியத்தை ‘விரைவில் சரிசெய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று மாற்றலாம். மேலே அனுப்புநர், பெறுநர், பொருள், கீழே இப்படிக்கு. முடிந்தது. இதற்கு மேலும் போய் ‘எம் வீதியில் மூன்று தினங்களாக மின்சாரமானது செவ்வனே வரப்பெறவில்லை’ என்று எழுதினால் மனு எந்த விதத்திலும் உசத்தி ஆகாது. படிக்கும் பொறியாளருக்கு ஒரு நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். பேச்சு வடிவத்துக்குப் பயந்து இந்தப் பக்கம் ஓடி விழுபவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

விரிக்கும்போது வேறொரு பள்ளமும் இருக்கிறது. தேயாத சொல்லையும் தேய்ந்ததாக நினைத்து விரித்துவிடுவது. ‘ஆத்துல’ என்பது ‘ஆற்றில்’, ‘கிணத்துல’ என்பது ‘கிணற்றில்’. அதே கணக்கில் ‘சுவத்துல’ என்பதைச் ‘சுவற்றில்’ என்று எழுதுகிறார்கள். ஆறு, கிணறு போலச் ‘சுவறு’ என்று ஒரு சொல் இல்லையே! சொல் ‘சுவர்’, அதனால் ‘சுவரில்’. ‘பாத்து’ என்பது ‘பார்த்து’, ‘சேத்து’ என்பது ‘சேர்த்து’. அதைப் பார்த்துக் ‘கோத்து’ என்பதையும் ‘கோர்த்து’ ஆக்குகிறார்கள். பூவைக் கோப்பதற்கு நடுவில் ‘ர்’ எப்போதும் இருந்ததில்லை. கோத்து, கோவை என்பவைதான் முழு வடிவம். சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லின் அடியைத் தனியாகச் சொல்லிப் பாருங்கள். சுவர், கோ. அதில் இல்லாத எழுத்தைச் சேர்க்காதீர்கள்.

படி 4: இரண்டு பொருள் தரும் சுருக்கங்களைத் தெரிந்து வையுங்கள்

பேச்சில் குரல் இருக்கிறது, முகம் இருக்கிறது, இழுப்பும் நிறுத்தமும் இருக்கிறது. தாளில் அது ஒன்றும் இல்லாததால், பேச்சில் குழப்பாத சொற்கள் எழுத்தில் குழப்பும். அரட்டையில்கூடச் சண்டை கிளப்பும் சிலவற்றைச் சொல்கிறேன்.

‘அவ வந்தா போகலாம்.’ அவள் வந்தால் போகலாமா? அவள் வந்தாள், இனிப் போகலாமா? ‘வந்தா’, ‘சொன்னா’, ‘கேட்டா’, ‘போனா’ எல்லாவற்றுக்கும் இதே கதி. நிபந்தனையும் நடந்து முடிந்ததும் ஒரே எழுத்தில் வந்து நிற்கும். ஒரு ‘ல்’ அல்லது ‘ள்’ போட எவ்வளவு நேரம் ஆகப்போகிறது?

‘என்ன கூப்பிட்டாங்க.’ ‘என்னை’ என்பது தேய்ந்து ‘என்ன’ ஆகிவிட்டால், இது கேள்வியா செய்தியா என்று தெரியாது. ‘என்னை’, ‘உன்னை’, ‘அதை’, ‘இதை’ நான்கிலும் ஐகாரத்தை விடாமல் எழுதுவது அரட்டைக்கும் நல்லது.

‘இல்ல’ என்பது ‘இல்லை’. ‘இல்ல விழா’ என்றால் வீட்டு விழா. ‘நாளைக்கு இல்ல விழா’ என்று ஒருவர் அனுப்பினால் மொய் எடுத்து வைப்பதா வேண்டாமா?

‘வாங்க’ என்பது அழைப்பும் ஆகும், விலைக்கு வாங்குவதும் ஆகும். ‘காத்து’ காற்றாகவும் இருக்கலாம், காத்திருப்பதாகவும் இருக்கலாம். ‘பத்தி’ என்பது ‘பற்றி’. அது கட்டுரையின் பத்தியும் ஊதுபத்தியும்கூட. ‘கேக்கலாம்’ என்பதைப் பார்த்தால் பிறந்தநாள் ஞாபகம் வரும். இவை பெரும்பாலும் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. பணம், தேதி, மருந்து, ஒப்பந்தம் சம்பந்தப்பட்டால் சிரிப்பு வராது. அந்த நான்கு விஷயங்களை யாருக்கு எழுதினாலும், தம்பிக்கே ஆனாலும், முழு வடிவத்தில் எழுதுங்கள்.

படி 5: கதையும் பேட்டியும்

கதையில் பாத்திரம் பேசும்போது பேச்சு வடிவம் வரலாம், பெரும்பாலும் வரத்தான் வேண்டும். கதை சொல்பவரின் குரல் எழுத்து நடையில் இருப்பது வழக்கம்; அதையும் வட்டாரப் பேச்சிலேயே எழுதுகிறவர்கள் உண்டு, ஆனால் கை பழகாமல் அங்கே போகாதீர்கள். புதியவர்களுக்கு நான் சொல்வது இரண்டுதான்.

ஒன்று, ஒரு பாத்திரத்துக்கு ஒரு வாய். ‘நான் வருகிறேன்டா’ என்று யாரும் பேசுவதில்லை. கொங்குக்காரர் ஒரு வரியில் ‘வாரனுங்க’ என்றும் அடுத்த வரியில் ‘வர்றேன்’ என்றும் சொன்னால், வாசகர் இரண்டு பேர் பேசுவதாக நினைப்பார். எழுதத் தொடங்கும் முன் அந்தப் பாத்திரம் அதிகம் சொல்லக்கூடிய பத்துச் சொற்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, கடைசிவரை அந்த எழுத்திலேயே போங்கள்.

இரண்டு, காதில் விழும் எல்லாவற்றையும் எழுத்தாக்காதீர்கள். ‘வெளாட்டு’, ‘எளுதுறேன்’, ‘பளம்’ என்று ஒவ்வொரு ஒலியையும் பதிவு செய்தால் வாசகர் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிவரும். அதோடு அந்த மனிதரைக் கேலி செய்வதுபோல் ஆகிவிடும். இரண்டு மூன்று அடையாளங்கள் போதும், மீதியை வாசகர் காதே நிரப்பிக்கொள்ளும்.

பேட்டியில் இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அமைச்சரும் பேராசிரியரும் பேச்சுத் தமிழில்தான் பேசுகிறார்கள். அச்சில் அவர்கள் ‘கருதுகிறேன்’, ‘வலியுறுத்தினோம்’ என்று வந்துவிடுகிறார்கள். அதே பக்கத்தில் மீனவரும் துப்புரவுத் தொழிலாளியும் மட்டும் ‘எங்களுக்கு ஒண்ணும் குடுக்கல சார்’ என்று வருவார்கள். உண்மையான குரல் என்று எழுதியவர் நினைத்திருக்கலாம். படிக்கும்போது இவர்களுக்கு மட்டும் எழுதத் தெரியாது என்பதுபோல் ஒலிக்கிறது. ஒரு கட்டுரைக்குள் எல்லோருக்கும் ஒரே முறை வையுங்கள். எல்லோரையும் விரியுங்கள், அல்லது எல்லோரையும் அப்படியே விடுங்கள். அமைச்சரையும் சேர்த்துத்தான்.

படி 6: புள்ளி வைத்த சுருக்கங்கள்

இதில் பேச்சு, எழுத்து என்ற தகராறு இல்லை. வாசகருக்குத் தெரியுமா என்பது மட்டுமே கேள்வி. நம் முன்னோர்கள் இதில் தயங்கியதே இல்லை. நாள், மாதம், ஆண்டு, பற்று, வரவு, மேற்படி, ரூபாய், எண் ஒவ்வொன்றுக்கும் ௳, ௴, ௵, ௶, ௷, ௸, ௹, ௺ என்று ஒற்றைக் குறி வைத்திருந்தார்கள். பழைய கணக்குகளிலும் பத்திரங்களிலும் பார்க்கலாம். இன்று அவை கணினி எழுத்துருக்களிலும் இருக்கின்றன, படிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைந்துபோனார்கள். ஒரு சுருக்கம் எப்போது உதவாமல் போகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

முதல்முறை வரும்போது முழுப் பெயரையும் எழுதிவிட்டு, பிறகு சுருக்கத்தைத் தொடருங்கள். கி.மீ., ரூ., எ.கா. போன்றவற்றுக்கு அது தேவையில்லை. ‘மா.’ என்று மட்டும் எழுதினால் மாவட்டமா, மாநிலமா, மாதமா என்று தெரியாது, அப்படிப்பட்டவற்றைத் தொடாதீர்கள். நாளிதழ்த் தலைப்புகளில் வரும் ‘காங்.’, ‘கம்யூ.’ போன்றவை பத்தி அகலத்துக்குள் அடக்க அவர்கள் செய்த ஏற்பாடு. இடம் தாராளமாக இருக்கும் உங்கள் கட்டுரைக்கு அவை எதற்கு?

ஒரே பொருளை இரண்டு முறை சொல்லாதீர்கள். ‘ரூ.500 ரூபாய்’ என்று எழுதுபவர்கள் நிறைய. ‘காலை மு.ப. 10 மணி’யும் அதேதான், மு.ப. என்றாலே முற்பகல். ‘தி.மு.க.வின்’ என்றும் எழுதலாம், ‘திமுகவின்’ என்றும் எழுதலாம். ஏதாவது ஒன்றில் நில்லுங்கள். மருந்தளவில் மட்டும் சுருக்கமே வேண்டாம். மி.கி., மி.லி. இரண்டும் அவசரத்தில் பார்க்கும் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும். மில்லிகிராம், மில்லிலிட்டர் என்று முழுதாக எழுதுங்கள்.

படி 7: அனுப்பும் முன் ஒரு சுற்று

எழுதி முடித்ததும் கோப்பில் தேடல் போடுங்கள். ‘றேன்’ என்று தேடினால் சரியாக எழுதிய ‘கிறேன்’ எல்லாம் வந்து குவியும், அதனால் ‘ர்றே’, ‘ல்றே’, ‘ண்றே’ என்று தேடுங்கள். வர்றேன், சொல்றேன், பண்றேன் மூன்றும் மாட்டும். ‘துட்டே’, ‘யிட்டே’ என்று தேடினால் வந்துட்டேன், போயிட்டேன் வகையறா மாட்டும். ‘ன்னு’ என்று தேடும்போது ‘முன்னுரை’யும் கூடவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். குரல்வழி உள்ளிட்டு எழுதியிருந்தால் இந்தச் சுற்று கட்டாயம். ஒரு வாக்கியம் ‘கிறது’ என்றும் அடுத்தது ‘குது’ என்றும் முடிந்திருக்கும், பேசும்போது உங்களுக்கே தெரிந்திருக்காது.

உண்மையில் வாசகரை உறுத்துவது இந்தக் கலப்புதான். முழுக்கப் பேச்சில் எழுதிய கடிதத்தை ஒருவர் ரசித்துப் படிப்பார். முழுக்க எழுத்தில் உள்ளதையும் படிப்பார். ‘தாங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது, பாத்துட்டு சொல்றேன்’ என்பதைப் படிக்கும்போதுதான் முகம் சுளிக்கும்.

திருத்தவே கூடாத இடம் ஒன்று உண்டு. அது மற்றவர் எழுதியதை மேற்கோளாக எடுத்துக்காட்டும் இடம். யாரோ மிரட்டிச் செய்தி அனுப்பினார் என்று காவல் நிலையத்தில் புகார் எழுதுகிறீர்கள், அல்லது ‘பணத்த அடுத்த மாசம் குடுத்துடறேன்’ என்று கடன் வாங்கியவர் அனுப்பியதைக் காட்டுகிறீர்கள் என்றால், அவருடைய சுருக்கம், பிழை, விட்டுப்போன புள்ளி எதையும் தொடாமல் மேற்கோள் குறிக்குள் அப்படியே போடுங்கள். அவருடைய எழுத்தை நிமிர்த்தினால் அது அவர் சொன்னதாக இராது. படிப்பவருக்குப் புரியாது என்று தோன்றினால், மேற்கோளை மூடிவிட்டு, அதன் பொருளை அடுத்த வாக்கியத்தில் உங்கள் நடையில் எழுதுங்கள்.